நஞ்சு மண்ணைத் தோண்டுதலும் தளமிடுதலும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

தொழிற்சாலை மூடப்பட்ட பிறகு அதன் நிலம் நெடுங்காலம் சும்மா கிடப்பதில்லை. சாலை, கிடங்கு, லாரி நிறுத்துமிடம், குடியிருப்பு என ஏதேனும் ஒன்று அங்கே வந்தே தீருகிறது. அப்போது முதலில் உள்ளே நுழைகிறவர்கள் மண் வெட்டுகிறவர்கள். கடைசியில் வெளியே வருகிறவர்கள் தளம் போடுகிறவர்கள். இவ்விரு வேலைகளையும் நஞ்சேறிய நிலத்தில் தீங்கின்றிச் செய்ய எவ்வாறு திட்டமிட வேண்டும் என்பதை, குரோமியக் கழிவு கொட்டப்பட்ட நிலங்களை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். பொறியியல் மாணவர் எழுத வேண்டிய பொருளை வேதியியல் மாணவன் ஏன் எடுத்துக்கொண்டான் என்று சிலர் கேட்கலாம். இத்துறையில் நேர்ந்த பெரும் பிழைகளைப் பற்றிப் படித்தபோது, அவற்றுட் பல வேதியியலை மறந்ததால் வந்தவை என்றே எனக்குத் தோன்றியது.

குரோமியக் கழிவு என்பது யாது?

நம் வடாற்காட்டுப் பகுதியினருக்கு இச்சொல் புதியதன்று. ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்னும் ஆலை 1970களின் நடுவிலிருந்து சுமார் இருபது ஆண்டுக் காலம் சோடியம் பைகுரோமேட் முதலியவற்றைத் தயாரித்தது. தோல் பதனிடும் தொழிலுக்கு வேண்டிய குரோம் உப்பிற்கு அதுவே மூலப்பொருள். 1990களின் நடுவில் ஆலை மூடப்பட்டது. ஆனால் சுமார் 2.27 லட்சம் டன் கழிவு வளாகத்திலேயே குவிந்து கிடந்தது. மழை பெய்யும்போதெல்லாம் மஞ்சள் நீர் வடிந்து நிலத்தடி நீரிற் கலந்தது. 2006ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களின் பட்டியலில் செர்னோபிலுக்குப் பக்கத்தில் ராணிப்பேட்டையின் பெயரும் இருந்தது. நம் ஊர்ப் பெயர் உலகப் பட்டியலொன்றில் ஏறுவதற்கு இதைவிட நல்ல காரணம் ஏதேனும் கிடைத்திருக்கலாம்.

பழைய முறைப்படி, குரோமைட் தாதுவைப் பொடித்து, சோடா உப்பும் சுண்ணாம்பும் கலந்து, 1000 டிகிரி சென்டிகிரேடுக்கு மேற்பட்ட வெப்பத்தில் சூளையிற் காற்றோட்டத்துடன் வறுப்பர். மூன்று இணைதிறன் கொண்ட குரோமியம் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஆறு இணைதிறன் நிலைக்கு வரும். பிறகு நீர் ஊற்றிச் சோடியம் குரோமேட்டைக் கரைத்தெடுப்பர். சுண்ணாம்பு எதற்கென்றால், வறுபடும் கலவை உருகிக் கட்டியாகாமல் துளைகளோடு இருக்கவும், ஆக்சிஜன் உள்ளே புகவும் உதவுவதற்கு. இறுதியில் எஞ்சும் கசட்டில் அந்தச் சுண்ணாம்பு முழுவதும் இருக்கும். கழுவித் தீராத குரோமேட்டும் இருக்கும். ஆகவே அக்கழிவின் பி.எச். மதிப்பு 11, 12 என்ற அளவில் நிற்கும். கால்சியம், அலுமினியம் சேர்ந்த படிகங்களுக்குள் சிறைப்பட்ட குரோமேட் ஆண்டுக்கணக்கிற் சிறிது சிறிதாகக் கசிந்துகொண்டேயிருக்கும். இந்த இரண்டு செய்திகளையும், அஃதாவது காரத்தன்மையையும் மெதுவான கசிவையும், நினைவிற் கொண்டால் பின்வரும் யாவும் எளிதில் விளங்கும்.

மூன்று இணைதிற குரோமியம் நீரில் எளிதிற் கரைவதில்லை. அதனால் விளையும் தீங்கும் குறைவு. ஆறு இணைதிற குரோமியமோ எளிதிற் கரையும்; உயிரணுவிற்குள் எளிதிற் புகும்; நுரையீரற் புற்றுநோயை உண்டாக்கும் என ஐயமின்றி நிறுவப்பட்டது. தோலில் ஆறாத புண்களை ஏற்படுத்தும். மூக்கின் நடுத்தண்டைத் துளைத்துவிடும். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரை அடுத்த ஷாஃபீல்டு என்னுமிடத்தில் வைட் குடும்பத்தாரின் குரோம் ஆலை இருந்தது. அதன் தொழிலாளரின் நிலையைத் தொழிலாளர் தலைவர் கேர் ஹார்டி 1899இல் துண்டு வெளியீடுகளாக எழுதி நாடறியச் செய்தார். 1960களில் அவ்வாலை மூடப்பட்டது. அதன் கழிவு நகரின் தென்கிழக்கில் பல இடங்களிற் பள்ளங்களை நிரப்பப் பயன்பட்டிருந்ததால், நூறாண்டுக்குப் பிறகும் அங்கே சாலை போடுவோரும் வீடு கட்டுவோரும் அதைத் தோண்டியெடுக்க நேர்ந்தது.

நம் ஆய்வகத்திற் பொட்டாசியம் டைகுரோமேட் கரைசலைக் கையாளாத வேதியியல் மாணவர் இல்லை. ஆரஞ்சு நிறம் பச்சையாக மாறுவது நமக்கு முடிவுநிலை. களத்திலும் அந்நிற மாற்றமே மருந்து. பெர்ரஸ் உப்பு ஆறு இணைதிற குரோமியத்தை மூன்றாக ஒடுக்கிவிடும். ஆனால் குடுவையில் நிகழ்வது மண்ணிலும் அப்படியே நிகழும் என எண்ணலாகாது. அதனாற் பட்ட பாட்டைப் பின்னர்க் கூறுவேன்.

தோண்டுமுன் அறிதல்

முதல் வேலை மண்வெட்டியில் தொடங்குவதன்று. ஆலையின் பழைய வரைபடங்கள், எங்கே எதைக் கொட்டினார்கள் என்பதை அறிந்த பழைய தொழிலாளரின் வாய்மொழி, அக்கம்பக்கத்துக் கிணறுகளின் நீர் ஆகிய மூன்றையும் சேகரிக்க வேண்டும். இவற்றுள் வாய்மொழிக்கு அதிகாரிகள் மதிப்பளிப்பதில்லை. எனக்கு அதுவே முதன்மையாகப் படுகிறது. வரைபடத்தில் 'காலி இடம்' என்றிருக்கும் மூலையிலேதான் இரவு நேரத்தில் கழிவு கொட்டப்பட்டிருக்கும்.

அதன் பிறகு நிலத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பல ஆழங்களில் மண் எடுத்துச் சோதிக்க வேண்டும். மேல் மண் மட்டும் போதாது. நிரப்பு மண் எங்கே முடிந்து இயற்கை மண் எங்கே தொடங்குகிறது என்பது தெரிய வேண்டும். நிலத்தடி நீர்மட்டம் கோடையில் எவ்வளவு, மழைக்குப் பின் எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும். களத்திலேயே விரைவாகப் பார்க்க டைபினைல் கார்பசைடு சோதனை உள்ளது: அமிலம் சேர்த்த நீரில் ஆறு இணைதிற குரோமியம் சிறிதளவு இருந்தாலும் ஊதா நிறம் தோன்றும். குடிநீரில் மொத்தக் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது இந்தியத் தர அளவு. வெறுங் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரியும் நீர் அதைப் பன்மடங்கு தாண்டியிருக்கும். தெளிவாகத் தெரியும் நீரும் தாண்டியிருக்கக் கூடும் என்பதற்காகவே சோதனை.

தோண்டுவதா, மூடுவதா?

இது பெரிய வழக்கு. உண்மையிலேயே நீதிமன்றம் வரை சென்ற வழக்கு. அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஜெர்சி நகரில், ஹாக்கன்சாக் ஆற்றங்கரையில் 34 ஏக்கர் நிலம் குரோமியக் கழிவால் நிரப்பப்பட்டிருந்தது. கழிவைக் கொட்டிய கம்பெனி பின்னாளில் கைமாறி ஹனிவெல் நிறுவனத்தின் பொறுப்பில் வந்தது. மேலே தகடும் தளமும் இட்டு மூடிவிட்டாற் போதும் என்றது நிறுவனம். உள்ளூர் மக்கள் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. மூடுவது போதாது, சுமார் 15 லட்சம் டன் கழிவையும் தோண்டி அகற்றுக என 2003இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஆணையிட்டது. 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இத்தீர்ப்பைப் படித்ததும், தோண்டி எடுப்பதே எங்கும் சரி என்ற முடிவுக்கு நானும் முதலில் வந்தேன். ஆனால் கணக்குப் போட்டால் தயக்கம் வருகிறது. ராணிப்பேட்டையின் 2.27 லட்சம் டன்னை லாரிக்கு 20 டன் வீதம் ஏற்றினால் 11,350 நடைகள். நாளொன்றுக்கு 50 லாரி என்றாலும் 227 வேலைநாட்கள். அத்தனை நாட்களும் அத்தனை லாரிகளும் நாம் பேருந்திற்கு நிற்கும் சாலை வழியாகவே செல்ல வேண்டும். எனவே நீர்மட்டத்தைத் தொடும் கழிவையும் கசிந்துகொண்டிருக்கும் கழிவையும் அகற்றியே ஆக வேண்டும். வறண்டு, ஆழம் குறைந்து, மாசும் குறைந்து கிடப்பதை மூடிக் காக்கலாம் என்பது என் கருத்து. ஜெர்சி நிலம் ஆற்றின் ஓதநீர் ஏறியிறங்கும் ஈர நிலம் என்பதை மறந்து அத்தீர்ப்பை எல்லா இடத்திற்கும் பொருத்தக்கூடாது.

சாலை மட்டும் போடுவதென்றால் இன்னும் எளிய வழி உண்டு. நூறு மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம் உள்ள சாலைக்கு அரை மீட்டர் ஆழம் தோண்டினால் 200 கன மீட்டர் மண் வரும். வெட்டிய மண் உப்பும். கால்பங்கு கூடி 250 கன மீட்டர் ஆகிவிடும். 10 கன மீட்டர் டிப்பரில் 25 நடை நஞ்சு மண். அதற்குப் பதிலாகத் தரைமட்டத்தையே அரை மீட்டர் உயர்த்தித் தளம் போட்டால் ஒரு நடைகூட வெளியே போக வேண்டியதில்லை. சாலையை உயர்த்தி உயர்த்தி வீடுகளைப் பள்ளத்திலாக்கிவிட்டார்கள் என்று நம் ஊர்களிற் குறை கூறுவோம். அந்தக் குறை நற்பயன் தரும் இடமும் உலகில் உண்டு.

கார்பி நகரின் சேறு

தோண்டுதல் தவறாகத் திட்டமிடப்பட்டால் என்னவாகும் என்பதற்கு இங்கிலாந்தின் கார்பி நகரம் சான்று. இது குரோம் ஆலை அன்று, எஃகு ஆலை. 1980இல் அங்கே எஃகு உருக்குவது நின்றது. சுமார் 680 ஏக்கர் நிலத்தை நகராட்சி வாங்கி, கழிவுகளைத் தோண்டி அகற்றிப் புதிய தொழில்களுக்கு இடம் தரும் பணியை மேற்கொண்டது. வேலை இழந்த ஊருக்கு மீண்டும் வேலை தரவேண்டும் என்ற நல்லெண்ணமே அதன் நோக்கம். காட்மியம், நிக்கல், குரோமியம் முதலிய உலோகங்கள் கலந்த ஈரச் சேறு ஊரின் நடுவிலுள்ள சாலைகள் வழியாகக் கொண்டு செல்லப்பட்டது. லாரிகள் சரிவர மூடப்படவில்லை. சக்கரங்கள் சரிவரக் கழுவப்படவில்லை. சேறு சாலையிற் சிந்தியது, காய்ந்தது, பொடியாகிப் பறந்தது.

அக்காலத்தில் அவ்வூரிற் கருவுற்றிருந்த தாய்மார் சிலருக்குக் கைவிரல்களும் கால்விரல்களும் சரியாக வளராத குழந்தைகள் பிறந்தன. அப்பிள்ளைகள் வளர்ந்த பின் 18 பேர் வழக்காடினர். 2009 ஜூலையில் இங்கிலாந்தின் உயர் நீதிமன்றம், நிலச் சீரமைப்பை மேற்பார்வையிடுவதில் நகராட்சி கவனக்குறைவாக நடந்துகொண்டது எனத் தீர்ப்பளித்தது. அடுத்த ஆண்டு இழப்பீட்டுடன் வழக்கு முடிவுற்றது.

இவ்வழக்கில் என்னை வியப்பில் ஆழ்த்துவது, அங்கே தேவைப்பட்டவை எவ்வளவு எளிய பொருள்கள் என்பதே. தார்ப்பாய், சக்கரம் கழுவும் தொட்டி, நல்ல குழாய்த் தண்ணீர், சாலையை ஈரமாகக் கூட்டும் வண்டி. இவற்றின் விலை அந்தத் திட்டத்தின் செலவில் ஒரு துளி. ஒரு பிள்ளையின் விரல்களுக்கு அவை போதுமானவையாக இருந்திருக்கும்.

எனவே களத்தை மூன்று பகுதிகளாகப் பிரிக்க வேண்டும் என்கிறார்கள். உள்ளே தோண்டும் பகுதி. நடுவே கழுவும் பகுதி. வெளியே சுத்தமான பகுதி. உள்ளே சென்ற மனிதரோ, சக்கரமோ, கடப்பாரையோ கழுவும் பகுதியைத் தாண்டாமல் வெளியே வரலாகாது. உள்ளே ஓடும் டிப்பர் உள்ளேயே ஓடட்டும். வெளியே செல்லும் லாரி உள்ளே நுழையாமல் எல்லையில் நின்று மண்ணை ஏற்றிக்கொள்ளட்டும். இதனாற் கழுவ வேண்டிய சக்கரங்களின் எண்ணிக்கையே பெரிதும் குறைந்துவிடும்.

புழுதியும் நீரும்

புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்க வேண்டும் என்பது எல்லோரும் அறிந்ததே. ஆனால் குரோமேட் நீரிற் கரையும் பொருள். மிகுதியாகத் தெளித்தால் புழுதி அடங்கும். மஞ்சள் நீர் ஓடும். குறைவாகத் தெளித்தால் நீர் ஓடாது, புழுதி பறக்கும். இந்த இரண்டிற்கும் நடுவே வேலை செய்வதுதான் குரோம் நிலத்தின் தனிச் சிக்கல்.

புழுதி எவ்வளவு குறைவாக இருக்க வேண்டும் என்பதை ஒரு கணக்கால் காட்டலாம். அமெரிக்காவில் 2006இல் வகுத்த விதிப்படி, எட்டு மணி நேரச் சராசரியாக, காற்றில் ஆறு இணைதிற குரோமியம் கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது. மண்ணில் அது ஆயிரத்தில் ஐந்து பங்கு இருப்பதாகக் கொள்வோம். அப்படியானால் 1 மில்லிகிராம் புழுதியில் 5 மைக்ரோகிராம் இருக்கும். அஃதாவது கன மீட்டருக்கு ஒரு மில்லிகிராம் புழுதி பறந்தாலே எல்லை எட்டப்பட்டுவிடும். நம் ஊர்க் கட்டட வேலைகளில் இதைப் புழுதி என்று எவரும் கருதவே மாட்டார். ஆகவே கண்ணால் பார்த்துப் பயனில்லை. காற்றை உறிஞ்சி அளக்கும் கருவியைக் களத்தின் நாற்புறமும் வைத்தே ஆக வேண்டும்.

நீரை ஊற்றுவதற்குப் பதில் மூடுபனி போல நுண் துளியாகத் தெளிப்பது, ஒரே நேரத்தில் சிறு பரப்பை மட்டும் திறந்து வைப்பது, மாலையில் வேலை முடிந்ததும் திறந்த மண்ணைத் தார்ப்பாயால் மூடுவது, வாளியிலிருந்து மண்ணை உயரத்திலிருந்து கொட்டாமல் தாழ்த்தி இறக்குவது ஆகியவை இச்சிக்கலுக்கு வழிகள். பள்ளத்தில் ஊறும் நீரை இறைத்து வாய்க்காலில் விடுவது நம் வழக்கம். இங்கே அது கூடாது. தொட்டியிற் சேர்த்து, அமிலமாக்கி, பெர்ரஸ் சல்பேட்டால் ஒடுக்கி, பிறகு சுண்ணாம்பிட்டுக் குரோமியம் ஹைட்ராக்சைடாக வீழ்படியச் செய்து, சோதித்த பின்னரே வெளியேற்ற வேண்டும். வீழ்படிந்த சேறும் ஆபத்தான கழிவே. சேற்றைச் சேர்த்து வைப்பதிலும் கவனம் வேண்டும்: 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டை சிப்காட்டில் தோல் ஆலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்து விழுந்ததில், அருகில் உறங்கிக்கொண்டிருந்த தொழிலாளர் 10 பேர் உயிரிழந்தனர்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இவ்வேலையைத் தொடங்குவது அறிவீனம். ஆடிக் காற்றிலும் ஆகாது. மாசி முதல் சித்திரை வரை நீர்மட்டமும் தாழ்ந்திருக்கும், மழையும் இராது. ஆனால் அப்போது வெயில் கொல்லும். உடல் முழுதும் மூடிய உடையும் முகமூடியும் அணிந்து பகல் பன்னிரண்டு மணி வெயிலில் மண் வெட்டச் சொல்வது இன்னொரு கேடு. விடியற்காலையில் தொடங்கிப் பத்து மணிக்குள் முடித்து, மாலையில் மீண்டும் தொடங்குவதே பொருந்தும். இதனால் வேலை நாட்கள் கூடும், கூலியும் கூடும். அதைத் திட்ட மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட வேண்டும்.

பள்ளத்திற்குள் நிற்பவர்

ஆழமான பள்ளத்தில் நஞ்சுக்கு முன்பே மண் சரிவு கொன்றுவிடும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளத்தின் பக்கங்களுக்குப் பலகையும் முட்டும் கொடுக்க வேண்டும். வெட்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்திற் பாதி, இவற்றுள் எது மிகுதியோ அவ்வளவு தள்ளிக் கொட்ட வேண்டும் என்பது மண்வேலைப் பாதுகாப்பிற்கான இந்தியத் தர விதி. இந்த விதி எல்லா மண்ணுக்கும் பொது. நிரப்பு மண்ணோ இயற்கை மண்ணைவிட எளிதிற் சரியக்கூடியது என்பதால் இங்கே இரு மடங்கு தேவை.

என் தந்தையார் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மண்வேலையும் சாலை வேலையும் செய்பவர். பழைய ஆலை வளாகம் ஒன்றிற் சில வாரம் பள்ளம் வெட்டியபோது, முழங்கால் ஆழத்திற்குக் கீழே மண் மஞ்சளாக வருவதை மேஸ்திரியிடம் சொன்னாராம். "அது பழைய சுண்ணாம்புய்யா, வெட்டு" என்று விடை வந்ததாம். அவரும் வெட்டினார். அம்மண்ணை எவரும் சோதிக்கவில்லை. அவருடைய மணிக்கட்டிலும் கணுக்காலிலும் வந்த புண்கள் ஆற மாதக்கணக்கில் ஆயின. அந்த நாட்களில் அவருடைய சட்டையையும் லுங்கியையும் கிணற்றடியில் கையாற் கசக்கித் துவைத்தவர் என் தாயார். பாதுகாப்பு நூல்களில் 'நிறம் மாறினால், வாடை வந்தால், எதிர்பாராத பொருள் தென்பட்டால் வேலையை நிறுத்துக' என்றிருக்கிறது. நிறுத்துவது யார்? நிறம் மாறுவதை முதலிற் காண்பவர் மண்வெட்டி பிடித்தவர். அவர் நிறுத்தினால் அன்றைய கூலி போகாது என்பது எழுத்தில் இருந்தாலன்றி அவர் நிறுத்தப்போவதில்லை. இதை ஒப்பந்தத்தின் முதற்பக்கத்திலேயே எழுத வேண்டும் என்பேன்.

உடையும் களத்திலேயே தங்க வேண்டும். காலையில் களத்து உடை, மாலையிற் குளியல், பிறகு வீட்டு உடை. உணவும் பீடியும் வெற்றிலையும் சுத்தப் பகுதியில் மட்டும், கைகழுவிய பின்னரே. முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வது நம் தொழிலாளர் வழக்கம். துண்டு பெரிய மண்துகளைத் தடுக்கும். நுரையீரலின் அடிவரை செல்லும் நுண்துகளைத் தடுக்காது. முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் வடிகட்டி முகமூடியே வேண்டும். சித்தாள் பெண்களின் முகத்திற்குப் பொருந்தும் அளவிலும் அது வாங்கப்பட வேண்டும். ஒரே அளவில் நூறு வாங்கிப் பட்டியலில் எழுதிவிடுவது பாதுகாப்பு ஆகாது.

இடையில் ஒரு செய்தி. சாதாரண சிமெண்டிலேயே நுண்ணளவில் ஆறு இணைதிற குரோமியம் உண்டு. கொத்தனார் கைகளில் வரும் சிமெண்டு அரிப்பிற்கு அதுவும் ஒரு காரணம். ஐரோப்பிய நாடுகள் அதன் அளவைப் பத்து லட்சத்தில் 2 பங்கிற்குள் கட்டுப்படுத்தியுள்ளன. சிமெண்டில் பெர்ரஸ் சல்பேட்டைக் கலந்து அதைச் சாதிக்கிறார்கள்.

தளத்தின் அடியில்

தோண்டி முடித்துத் தளம் போட்டால் வேலை முடிந்தது என்று நினைப்போம். குரோமியக் கழிவின் மேல் போட்ட தளங்கள் அப்படி அடங்கிக் கிடப்பதில்லை. அமெரிக்காவின் பால்டிமோர் துறைமுகத்தில் டண்டாக் சரக்குத் தளம் இத்தகைய கழிவால் நிரப்பிய நிலத்தின் மேல் அமைந்தது. சில ஆண்டுகளில் தார்த்தளம் ஆங்காங்கே புடைத்து எழுந்தது. அடியில் உள்ள கழிவு உப்பியதே காரணம். காரமான அக்கழிவிலுள்ள கால்சியமும் அலுமினியமும், சல்பேட்டும் நீரும் கிடைத்தால், எட்ரின்ஜைட் என்னும் ஊசிப் படிகமாக மாறும். அதன் ஒரு மூலக்கூற்று வாய்பாட்டில் 26 படிக நீர் மூலக்கூறுகள். அத்தனை நீரையும் உள்ளிழுத்துக்கொண்டு பருக்கும் படிகம் தளத்தைத் தூக்காமல் என்ன செய்யும்?

முன்பு கூறிய மருந்தின் கதை இங்கேதான் வருகிறது. மண்ணிலுள்ள குரோமேட்டை ஒடுக்கப் பெர்ரஸ் சல்பேட் சேர்ப்பது இயல்பான யோசனை. ஆனால் அதனோடு சல்பேட்டும் சேர்ந்து போகிறது. எட்ரின்ஜைட்டுக்கு வேண்டியது அதுவே. இவ்வாறு சிகிச்சை செய்த கழிவு உப்பியதை ஆய்வாளர்கள் கண்டனர். தவிரவும், மிகுந்த காரத்தில் பெர்ரஸ் அயனி ஹைட்ராக்சைடாக வீழ்ந்துவிடுவதால் அதன் வேலைத் திறனும் குறைகிறது. அதனாலேயே கால்சியம் பாலிசல்பைடு போன்ற வேறு ஒடுக்கிகளை நாடுகிறார்கள். பச்சையாக மாறியதும் மகிழ்ந்துவிடவும் கூடாது: மண்ணில் மாங்கனீசு டையாக்சைடு இருந்தால் மூன்று இணைதிற குரோமியத்தை மீண்டும் ஆறாக ஆக்சிஜனேற்றும் வல்லமை அதற்கு உண்டு.

இன்னொரு தொல்லை பூத்தல். கோடையில் மேற்பரப்பு காய, அடியிலுள்ள நீர் திரியில் எண்ணெய் ஏறுவது போல நுண்துளை வழியே ஏறி, சுவரிலும் தரையிலும் மஞ்சட் படிகமாகப் பூக்கும். ஜெர்சி நகரில் அடித்தள அறைச் சுவர்களில் இவ்வாறு பூத்திருக்கிறது. குழந்தைகள் கைவைத்துப் பார்க்கும் நிறம் அது.

எனவே தளத்தைக் கீழிருந்து மேலாக எண்ண வேண்டும். சமன்செய்து அழுத்திய பழைய மண்ணின் மேல் தடித்த ஜல்லி அடுக்கு. இடைவெளி பெரிதாதலால் நீர் அதில் ஏற முடியாது. கூர் ஜல்லி குத்தாதபடி துணி விரிப்பு, அதன்மேல் 1.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள பாலிஎத்திலீன் தகடு, மூட்டுகள் சூட்டால் ஒட்டப்பட்டுச் சோதிக்கப்பட்டது, மீண்டும் துணி விரிப்பு, அதன்மேல் சுத்தமான மண்ணும் கப்பிக்கல்லும், கடைசியில் தார். மழைநீர் தேங்காதபடி வாட்டம் நன்றாக வைக்க வேண்டும். உப்பக்கூடிய கழிவு அடியில் இருந்தால் கான்கிரீட்டைவிடத் தாரே எனக்கு உகந்ததாகத் தோன்றுகிறது. அது வளைந்து கொடுக்கும், விரிசலும் உடனே தெரியும், ஒட்டுப்போடவும் எளிது. ஆண்டுதோறும் மழைக்கு முன்பு விரிசல்களை அடைக்கப் பணம் ஒதுக்கப்படவில்லையென்றால் இந்த அடுக்குகள் யாவும் வீண்.

பிற்பாடு தோண்டுபவர்

தளம் போட்ட சில ஆண்டுகளில் யாராவது குழாய் பதிக்க வருவார்கள். தொலைபேசிக் கம்பி, குடிநீர், பாதாளச் சாக்கடை. இதை முன்கூட்டியே எண்ணி, குழாய்கள் செல்லும் வழியை மட்டும் அகலமாகத் தோண்டி, அடியிலும் பக்கங்களிலும் தகடு விரித்து, சுத்தமான மண்ணால் நிரப்பிவிட வேண்டும். அவ்வழியில் எத்தனை முறை தோண்டினாலும் நல்ல மண்ணே வரும். நான் படித்தவற்றுள் மிகச் சிறந்த யோசனை இது. பத்தாண்டு கழித்து வரப்போகும் முகம் தெரியாத கூலியாளை நினைத்துச் செய்யப்படுவது.

1953இல் அமெரிக்காவின் நயாகரா அருவி நகரில், லவ் கால்வாய் என்ற பழைய வெட்டுப் பள்ளத்தில் இரசாயனக் கழிவைப் புதைத்து மண்ணால் மூடிய கம்பெனி, அந்நிலத்தை ஒரே ஒரு டாலருக்குப் பள்ளிக் குழுவிற்கு விற்றது. அடியில் இரசாயனக் கழிவு உள்ளது என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதியிருந்தது. ஆயினும் அங்கே பள்ளிக்கூடம் கட்டினர்; மூடியிருந்த களிமண்ணை வெட்டினர்; சாக்கடைக் குழாய்களும் சாலையும் அந்நிலத்தை ஊடறுத்துச் சென்றன. குழாயைச் சுற்றிப் போட்ட ஜல்லி கழிவு வடிவதற்கு வாய்க்காலாயிற்று. 1978இல் நெருக்கடி நிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

மாசடைந்த இடங்களைக் கையாள்வதற்கென்றே 2025இல் மத்திய அரசு தனி விதிகளை வெளியிட்டுள்ளது. அடியில் இருப்பதன் வரைபடம், ஆழம், சோதனை முடிவு ஆகியவை கிராம நிர்வாக அலுவலகப் புலப்படத்திலும் வில்லங்கச் சான்றிலும் ஏற வேண்டும் என்று நான் விரும்புகிறேன். ஆனால் லவ் கால்வாயின் பத்திரத்திலும் எழுத்து இருந்தது. பள்ளம் வெட்ட வருபவர் சார்பதிவாளர் அலுவலகம் சென்று வில்லங்கம் பார்த்துவிட்டு வருவதில்லை. அதனால் சுத்தமான மண்ணுக்கும் பழைய மண்ணுக்கும் நடுவே, பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் பிளாஸ்டிக் வலை ஒன்றை நிலம் முழுதும் விரித்துவிடுகிறார்கள். அது எதையும் தடுப்பதில்லை; விலையும் குறைவு. கடப்பாரையின் நுனியில் அது சிக்கி மேலே வரும்போது, அதற்குக் கீழே வெட்டக்கூடாது என்பது எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தெரிந்துவிடும்.